செல்ஃப் எடுக்காத காரும் ராசியில்லாத கையும்

எங்கள் ஊரில் எது கெட்டுப்போனாலும் குற்றவாளி ஒருவர்தான். உப்பு. மின்விசிறி நின்றால் உப்பு, கேட் கீல் முறிந்தால் உப்பு, சீர்வரிசையில் வந்த இரும்பு பீரோ செதில் செதிலாக உதிர்ந்தால் உப்பு. மரக்காணத்துக்கு மருமகளாக வந்த புதிதில் இதெல்லாம் சோம்பேறிகள் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் என் ஸ்கூட்டியின் சைலன்சர் தானாகக் கழன்று ரோட்டில் விழுந்தது. அன்றிலிருந்து நானும் ஊரோடு சேர்ந்துவிட்டேன். அதனால் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது, சாவியைத் திருப்பிய எனக்கும், பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்த என் கணவருக்கும் நோய் என்ன என்பதில் சந்தேகமே இல்லை.

கார் என் மாமனாருடையது. உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் மனசே இல்லாமல் சாவியை என்னிடம் கொடுத்தார். பெருமுக்கல் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. அதற்கு முன்னால் பெருமுக்கல் வரை பஸ், அங்கிருந்து மினி பஸ். மினி பஸ் என்பது வந்தால் உண்டு. வராத நாளில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெயிலில் நடப்பேன்.

கார் வந்ததும் நடை போயிற்று என்பது பெரிய விஷயமில்லை. வீட்டில் நாலு பக்கமும் என்னைக் கூப்பிடுவார்கள், பள்ளியில் நாற்பது பக்கமும் கூப்பிடுவார்கள். நடுவில் காரில் போகும் முக்கால் மணி நேரம் மட்டும் என்னை யாரும் கூப்பிட முடியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் பாடுவேன். என் குரல் நன்றாக இருக்காது. அது எனக்கும் தெரியும், அந்தக் காருக்கும் தெரியும். அந்த நேரத்தை யாராவது என்னிடமிருந்து பிடுங்கினால் கடித்துவிடுவேன் என்ற அளவுக்கு அதை நான் நேசித்தேன்.

அப்படிப்பட்ட காரில் சாவியைத் திருப்பினால் ‘கர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. இன்ஜின் மட்டும் அசையவில்லை. நான் மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன்.

“செல்ஃப் எடுக்கலயா டீச்சர்? சத்தம் எப்பிடி வருது?”

“கர்ர்ர்னு வருது பாய்.”

என் கணவர் வாயில் நுரையோடு போனைப் பிடுங்கினார். “பாய், டக் டக்னு வருதுங்க.”

“ரெண்டுல எதுங்க?”

“ரெண்டும்தாங்க.”

என் கணவர் அப்படித்தான். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார், சத்தங்களைக்கூட.

பாய் வந்தார். பானெட்டைத் திறந்து பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைக் காட்டி, “உப்பு” என்றார். வெயிலாக இருந்ததால் வண்டியை வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளினோம். வெந்நீர் ஊற்றிக் கழுவினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கிரீஸ் தடவினார். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆயிற்று. எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனோம்.

என் மாமனாருக்கு மட்டும் பொறுக்கவில்லை. “சும்மா சும்மா உப்பு மேல பழி போடாதய்யா. நாப்பது வருஷம் நான் அதுலயேதான் நின்னேன். என் காலு என்னா, ஸ்டார்ட் ஆவாமயா போச்சு?” என்று கேட்டார். வீட்டில் யாரும் அவர் முட்டியைப் பார்க்கவில்லை. நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

மூன்று நாள் கழித்து மறுபடியும் கர்ர்ர்ர். இந்த முறை பாய் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, செல்ஃப் மோட்டாரையே கழற்றி எடுத்துப்போய், உள்ளே தேய்ந்திருந்த கார்பன் கட்டையை மாற்றி, புதுப்பெண்ணைப்போலத் துடைத்துக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் அதே பாட்டு. நடுநடுவே தானாகவும் ஸ்டார்ட் ஆகும். காலையில் ஆகும், பள்ளி விட்டு வரும்போது ஆகாது. வெயிலில் ஆகும், மழையில் ஆகும், சும்மா இருக்கும்போது ஆகாது. எந்தக் கணக்கிலும் அடங்காத ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, நான் எட்டாம் வகுப்பில் காரணமும் விளைவும் நடத்திக்கொண்டிருந்தேன்.

மாமனாரிடம் ஒரு கணக்கு இருந்தது. “வண்டி எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு நாள் நின்னதில்ல. நான் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. ஒவ்வொரு கைக்கு ஒவ்வொரு ராசி. உங்கை சமையலுக்கு நல்ல கை, சாக்பீசுக்கு நல்ல கை. வண்டிக்கு ஆவாது.” எனக்கு வந்த கோபத்தில் அன்றைய குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அதையும் அவர் நல்ல கை என்று சொல்லித்தான் சாப்பிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஸ்டார்ட் ஆகாத வண்டி எப்படிப் பழத்தை நசுக்கும்? ஆகவே நானும் கணவரும் பின்னால் இருந்து தள்ளிப் பழத்தின்மேல் ஏற்றினோம். பிறகு சாவியைத் திருப்பினால், ஒரே சாவியில் எடுத்தது. மாமனார் என்னைப் பார்த்தார். நான் நசுங்கிய பழத்தைப் பார்த்தேன். அறிவியல் புத்தகத்தில் எலுமிச்சம்பழத்துக்கு நேரே சிட்ரிக் அமிலம் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

இதற்கு நடுவில்தான் மீன்கார அக்கா வந்தார். கடலோரக் குப்பத்திலிருந்து அலுமினிய அன்னக்கூடையில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவர். நல்ல ஆகிருதி. ஒருநாள் காலையில் நான் சாவியைத் திருப்பித் திருப்பி அழும் நிலையில் இருந்தபோது கூடையைக் கீழே இறக்கினார்.

“இன்னா டீச்சரம்மா, மக்கர் பண்ணுதா?” என்று கேட்டுக்கொண்டே வண்டியின் பின்பக்கத்தில் இடுப்பைக் கொடுத்து ஒரு இடி இடித்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. “இப்ப திருப்பு.”

எடுத்தது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் நின்றது, மறுபடியும் அவர் வந்தார், மறுபடியும் எடுத்தது. மாமனார் தீர்ப்பு சொல்லிவிட்டார். “கைராசின்னா இது கைராசி!” அக்கா கொடுத்தது இடுப்பு. மாமனார் மரியாதை கருதிக் கை என்றார். அன்றிலிருந்து அக்காவுக்கு எங்கள் வீட்டில் தினமும் டீ. எனக்குள்ளும் ஏதோ ஆட்டம் கண்டுவிட்டது. ஒருநாள் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டேன். நான், அறிவியல் டீச்சர்.

அடுத்த வாரம் சாப்பிடும்போது மாமனார் அறிவித்தார். “கிளியனூர் பக்கம் ஒருத்தர் வண்டி கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை பாக்க வர்றாரு. குடுத்துடலாம். ஸ்டார்ட் ஆவாத வண்டி வாசல்ல நிக்கிறது வீட்டுக்கு நல்லதில்ல.”

மினி பஸ்ஸின் படிக்கட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது.

“அப்பா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்” என்றார் என் கணவர்.

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே?”

“சொல்லப்போறல்ல? அதுவும் சரிதான்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது உப்பளத்துப் பக்கம் போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டி, அணைத்துவிட்டு எடுத்தேன். மாமனார்தான். “ஆர்.சி. புக்கு எங்கம்மா வெச்சிருக்க? அவருக்குப் போட்டோ புடிச்சி அனுப்பணும்.” பீரோவின் மேல்தட்டு என்று சொல்லிவிட்டு சாவியைத் திருப்பினேன். கர்ர்ர்ர்.

எரிச்சல் தலைக்கேறியது. இறங்கினேன். வண்டிக்குப் பின்னால் போய், இத்தனை நாள் மாமனாரிடம் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொன்னேன். அதற்கும் அது பேசாமல் நிற்கவே, தோளைக் கொடுத்து முழுப்பலத்தோடு ஒரு இடி இடித்தேன். வண்டி கியரில் நின்றது. எங்கள் ஊரில் எல்லா வண்டியும் கியரில்தான் நிற்கும். ஹேண்ட்பிரேக் போட்டால் துருப்பிடித்த கேபிள் அப்படியே பிடித்துக்கொள்ளும், அப்புறம் எடுக்காது என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. வண்டி ‘டொக்’ என்று விரற்கடை நகர்ந்து நின்றது. எனக்குத் தோள் வலித்தது. உள்ளே ஏறி சாவியைத் திருப்பினேன், எடுத்தது.

முதலில் சந்தோஷம். அடுத்ததாக ஒரு சந்தேகம். அப்படியென்றால் என் கையும் ராசியான கைதானே?

அணைத்தேன். திருப்பினேன், எடுத்தது. அணைத்தேன். திருப்பினேன், எடுத்தது. இப்படியே போய் ஒரு தடவை கர்ர்ர்ர். இறங்கி ஒரு இடி. ஏறித் திருப்பினேன், எடுத்தது. எலுமிச்சம்பழத்தன்று தள்ளினோம். வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளினோம். அக்கா இடித்தார். செல்ஃபைக் கழற்றிய அன்றும் பாய் வண்டியைத் தள்ளித்தான் ஓரம் கட்டினார். நகர்த்தினால் எடுக்கிறது. உப்புமில்லை, ராசியுமில்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்த ஒருவர் ரொம்ப நேரமாக என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “ஏம்மா, அதான் ஸ்டார்ட் ஆவுதே, எதுக்குத் திரும்பத் திரும்ப ஆஃப் பண்ற?”

“எப்ப ஸ்டார்ட் ஆவாதுன்னு தெரிஞ்சிக்கத்தாங்க” என்று நானும் கத்தினேன். வீட்டுக்குப் போகாமல் நேரே பாயின் ஷெட்டுக்குப் போனேன்.

நான் சொல்லச் சொல்ல பாய் டீ கிளாசைக் கீழே வைத்தார். “இடிக்கும்போது கியர்ல இருந்துச்சா டீச்சர்?”

“நம்ம ஊர்ல எந்த வண்டி பாய் ஹேண்ட்பிரேக்குல நிக்குது?”

அவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக போன் வெளிச்சத்தை அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் இருக்கிறது, அதற்குப் பெயர் ஃப்ளைவீல். அதைச் சுற்றி வளையல் போட்டதுபோல ஒரு பல்வளையம். சாவியைத் திருப்பினால் செல்ஃபின் சின்னப் பல்சக்கரம் முன்னால் வந்து அந்தப் பற்களைக் கவ்விச் சுற்றிவிடும். பாய் ஸ்பானர் போட்டு இன்ஜினை மெல்லச் சுற்ற, பற்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போயின. நல்ல பல், நல்ல பல், நல்ல பல். அப்புறம் ஒரு இடத்தில் வரிசையாகப் பொக்கை. வண்டி அந்தப் பொக்கையில் போய் நின்றால் கவ்வுவதற்கு ஒன்றுமில்லை, வெறும் கர்ர்ர்ர்தான். கியரில் இருக்கும் வண்டியை ஒரு இடி இடித்தால் சக்கரம் கொஞ்சம் சுற்றி, நல்ல பல் எதிரே வந்துவிடும். தள்ளிக்கொண்டு போய்க் கடைசியில் கியரைப் போட்டு நிறுத்தினாலும் அதே கதைதான்.

“இதத்தான் டீச்சர் நான் மொதல்லயே நெனச்சேன்” என்றார் பாய்.

“அப்புறம் ஏன் பாய் சொல்லல?”

“நெனக்கிறத எல்லாம் சொல்ல முடியுங்களா?”

ரிங் என்று அவர் சொல்லும் அந்தப் பல்வளையம் பாண்டியிலிருந்து மறுநாளே புதிதாக வந்துவிடும், சனிக்கிழமை ராத்திரிக்குள் மாட்டிவிடலாம் என்று சொல்லி, அதுவரைக்கும் ஓட்டச் செல்ஃபைத் திரும்ப மாட்டிக்கொடுத்தார். நான் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் கையில் குற்றமில்லை. அதை மாமனாரிடம் எந்த வாக்கியத்தில் தொடங்கிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவர் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமாங்க, கோளாறு தெரிஞ்சிடுச்சி. இப்பதான் மெக்கானிக் போன் பண்ணாரு. நாளைக்குச் சரியாயிடும். ஞாயித்துக்கெழம நீங்க வாங்க, ஒரே சாவில எடுக்கும். கையோட ஓட்டிக்கினே போயிடலாம்.”

நான் ஒற்றைச் செருப்போடு நின்றேன். இவ்வளவு நேரம் இது எனக்கு உறைக்கவில்லையே! ஓடாத காரைத்தான் யாரும் வாங்க மாட்டார்கள். ஓடுகிற காரை உடனே கொண்டுபோய்விடுவார்கள். என் கார் கையைவிட்டுப் போவதற்கு நானே தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறேன். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கொல்லைப்பக்கம் போய் பாய்க்குப் போன் போட்டேன்.

“பாய், ரிங் திங்கக்கெழம வரட்டும்.”

“நாளைக்கே வந்துடும் டீச்சர், சொல்லிட்டேன்.”

“வரும் பாய். ஆனா திங்கக்கெழம வரட்டும்.”

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சரிங்க டீச்சர். திங்கக்கெழம வரும், இன்ஷா அல்லாஹ்” என்றார்.

ரிங் தாமதம் என்று கேட்டதும் மாமனார் முகம் சுருங்கியது. கிளியனூர்க்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு மனமில்லை. பத்துத் தடவையில் ஏழெட்டுத் தடவை எடுக்கத்தானே செய்கிறது என்று தைரியப்படுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் வாசலுக்கு வந்தேன். கியரில் போட்டு ஒரு இடி, சாவி. எடுத்தது. அணைத்து இன்னொரு இடி, சாவி. எடுத்தது. சனியன், நல்ல பல் இவ்வளவா இருக்கும்? நாலைந்து தடவைக்கு அப்புறம்தான் வந்தது அந்த அருமையான கர்ர்ர்ர். காதில் தேன் பாய்ந்தது என்று சொல்வார்களே, அன்றுதான் அனுபவித்தேன்.

அதன்பிறகு யாரும் வண்டியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு. என் கணவர் பேப்பரை விரித்துக்கொண்டு வழக்கம்போல அதில் சாயப் போனார்.

“அதுல சாயாதீங்க!”

“ஏன்?”

“அழுக்கு.”

“வண்டிலயா, எம்மேலயா?”

“ரெண்டுலயும்தான்.”

கிளியனூர்க்காரர் வந்தார். நிதானமான மனிதர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் தட்டினார். டயரை ஒரு உதை உதைத்தார், எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

கர்ர்ர்ர்.

இன்னொரு தடவை. கர்ர்ர்ர். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. தெருமுனையில் அன்னக்கூடையோடு அக்கா வந்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, சீக்கிரம் வா! வந்து ஒரு கை வெச்சிட்டுப் போ!”

நான் திகைத்துப்போனேன். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இடுப்பு பட்டால் பொக்கையெல்லாம் தாண்டிப் போய்விடும். எல்லோருக்கும் முன்னால் என்ன சொல்ல முடியும்? அவரைப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் முடிந்தது. அக்கா கூடையை இறக்கினார். என்னைப் பார்த்தார், கிளியனூர்க்காரரைப் பார்த்தார், மாமனார் கையிலிருந்த ஆர்.சி. புக்கைப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒரு நூல்கூடத் தள்ளவில்லை.

“ம், திருப்புங்க.”

கர்ர்ர்ர்.

“இன்னிக்கி ஞாயித்துக்கெழம இல்ல பெரியவரே? கைக்கும் லீவு” என்றார்.

கிளியனூர்க்காரர் இறங்கி, அக்காவையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏங்க, வண்டிய வாங்கினா இந்த அம்மாவும் கூட வருவாங்களா?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பைக் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

மாமனார் படியில் உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சாவியை நீட்டினார். “இது உன் தலையெழுத்து. நீயே வெச்சி ஓட்டு.” அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகச் சாவி வாங்கத் தாமதிக்கவில்லை.

தெருமுனையில் அக்காவை ஓடிப்பிடித்தேன். “அக்கா, வண்டில என்னா கோளாறுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“வண்டியப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? நீ பாத்த பாரு ஒரு பார்வ, அது தெரியும்.” கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். “பெருமுக்கல் பக்கம் மீனுக்கு நல்ல கிராக்கி. பஸ்காரன்தான் மீனு நாறுதுன்னு எறக்கி வுட்டுடறான். வண்டி இருந்தா நானுந்தான் யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

திங்கட்கிழமை ரிங் வந்தது, மாட்டியாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை ஒரே சாவியில் எடுத்தேன். தெருமுனையில் நிறுத்தி, அன்னக்கூடையைப் பின்னால் ஏற்றி, அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்தேன். பெல்ட் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சண்டை பிடித்துப் போட்டுக்கொண்டார். ஊர் தாண்டியதும் பழக்கதோஷத்தில் என் வாய் பாட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது வரியில்தான் பக்கத்தில் ஆள் இருப்பது ஞாபகம் வந்தது. வெட்கப்பட்டு நிறுத்தினேன்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: “ஏன் நிறுத்திட்ட? பாடு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”